பறிமுதல் வண்டிகளும் புறம்போக்கு மனிதர்களும்

புதுக்கோட்டை 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. ரொம்ப சந்தோஷம். ஊர் பெரிதானால் அடுத்த வேலை ஊரை 'அழகாக்குவது'. ரோட்டோரம் கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டிகளைத் தூக்க வேண்டும், புதர் மண்டிய மனைகளைச் சுத்தம் செய்ய வேண்டும், குளக்கரைக் குடிசைகளை அப்புறப்படுத்த வேண்டும். டீக்கடையிலும் வங்கிக் கவுண்டரிலும் நான் தினமும் கேட்கிற பேச்சு இது. பேசுகிறவர்கள் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். வண்டி, புதர், குடிசை. மூன்றும் அவர்களுக்கு ஒரே சாமான்தான்.

இந்த ஒரே மூச்சைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் வண்டி. ஒரு ஊரில் கேட்பாரற்ற வண்டிகள் அதிகமாகக் கிடக்கும் இடம் எது? ரோட்டோரம் அல்ல தோழர்களே, காவல் நிலைய வாசல். தமிழ்நாட்டில் எந்த ஸ்டேஷனுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். மதில் ஓரமாக டூவீலர்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். மணல் ஏற்றிய மாட்டு வண்டி, சாராயம் கடத்திய கார், விபத்தில் நொறுங்கிய ஆட்டோ, கலவரத்தில் பிடித்த வேன். டயர் மக்கி, சீட்டுப் பஞ்சை எலி இழுத்து, எஞ்சின் மேல் கோவைக்கொடி படர்ந்து கிடக்கும். மழை பெய்தால் அந்த டயர்களுக்குள் தண்ணீர் தேங்கும். டெங்குக் கொசு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க பத்து நாள்கூட ஆகாது. கொசுப்புழு இருக்கிறதா என்று நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையும் தேங்காய்ச் சிரட்டையையும் கவிழ்த்துப் பார்க்கிறவர்கள் ஸ்டேஷன் மதிலுக்குள் போய் டயரைக் கவிழ்த்து நான் பார்த்ததில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவு, பொது இடத்தில் ஒரு வண்டி கேட்பாரற்று 10 மணி நேரம் கிடந்தால் சீருடையில் உள்ள போலீஸ்காரர் அதை இழுத்துக்கொண்டு போகச் செய்யலாம் என்கிறது. 10 மணி நேரம்! நம்மவன் வண்டி பழுதாகி ரோட்டில் நின்றால் பொழுது சாய்வதற்குள் அது குப்பை. அதே வண்டி போலீஸ் கைக்குப் போய் 10 வருஷம் மக்கினால் அது 'வழக்குச் சொத்து'. துருவிலும் இரண்டு சாதி இருக்கிறது.

*

என் சித்தப்பா மகனின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். இந்த மாவட்டத்தில் இந்தக் கதைக்குப் பல பெயர்கள் பொருந்தும்.

தாட்கோ திட்டத்தில், மானியம் போக மீதிக்கு வங்கிக் கடன் போட்டு, ஒரு குட்டியானை எடுத்தான். தாட்கோ 1974இல் நமக்கென்று உண்டாக்கிய கழகம். அதில் ஒரு கடன் வாங்க எத்தனை படி ஏறி இறங்க வேண்டும் என்பது கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியும், அந்தப் பக்கம் நின்ற அவனுக்கும் தெரியும். காய்கறி ஏற்றினான், செங்கல் ஏற்றினான், கல்யாண வீட்டுச் சேர் ஏற்றினான். முதல் முறையாக அந்தக் குடும்பத்தில் ஒருவன் இன்னொருவன் காட்டு வேலைக்குப் போகாமல் சோறு தின்றான்.

ஒரு ஏப்ரல் 14. அம்பேத்கர் பிறந்த நாள் ஊர்வலம். ரேடியோ செட் கட்டிக்கொண்டு அவன் வண்டிதான் முன்னால் போனது. ஊர்த்தெரு முக்கில் கல் வந்தது. கண்ணாடி உடைந்தது, இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. வழக்கம்போல் இரு தரப்பிலும் வழக்கு. வண்டி பறிமுதல். கல் எறிந்தவன் கை அவன் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. கல் பட்ட வண்டி ஸ்டேஷனில் இருக்கிறது.

"வண்டி எங்க தம்பி ஓடிரப் போவுது? கேஸு முடியட்டும், வந்து எடுத்துக்க" என்று சொல்லி அனுப்பினார்கள். உண்மைதான், வண்டி எங்கும் ஓடவில்லை. முதலில் பேட்டரி ஓடியது. பிறகு ஸ்டெப்னி ஓடியது. அப்புறம் நாலு டயரும் தரையோடு தரையாயின. நாலு வருஷம். நான் போய்ப் பார்த்தபோது, வண்டியின் பின் தொட்டியில் சேர்ந்திருந்த மண்ணில் வேப்பங்கன்று ஒன்று முழங்கால் உயரம் நின்றது.

ஆனால் கடனுக்குத் துருப் பிடிக்காது. வட்டி ஒரு நாள்கூட லீவு போடாமல் ஓடியது. தவணை 90 நாள் கட்டாவிட்டால் கணக்கு 'வாராக்கடன்' ஆகிவிடும். இது வங்கி விதி. வண்டி எங்கே இருக்கிறது, யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்க அந்த விதியில் கட்டம் கிடையாது. அரசின் ஒரு கை வண்டியைக் கொடுத்தது, இன்னொரு கை பிடுங்கியது, மூன்றாவது கை அதற்குத் தவணை கேட்டது. நோட்டீஸை அச்செடுத்தது நான். உறையில் முகவரி எழுதியதும் நான்தான். வீட்டுக்குப் போனபோது அவன் கோபப்படவில்லை. "அண்ணே, கவர்ல இருக்கிறது ஒங்க எழுத்துதானே? பாத்ததுமே தெரிஞ்சு போச்சுண்ணே" என்றான். அவ்வளவுதான். இப்போது அவன் வேறொருவர் வண்டிக்கு ஆக்டிங் டிரைவர்.

நாளைக்கு அந்த ஸ்டேஷன் வாசலைப் படம் எடுத்துப் பத்திரிகையில் போடுவார்கள். 'துருப்பிடித்து வீணாகும் வாகனங்கள்: நடவடிக்கை எடுக்கப்படுமா?' என்று தலைப்பு வரும். நடவடிக்கை எடுப்பார்கள். ஏலம் விடுவார்கள். காயலாங்கடைக்காரர் கிலோ கணக்கில் தூக்கிப் போவார். இடம் சுத்தமாகிவிடும். சுத்தமான அந்த இடத்தில் என் தம்பியின் நாலு வருஷத்தை எங்கே போய்த் தேடுவது?

'உரிமை கோரப்படாத வாகனம்' என்கிறது ஏல அறிவிப்பு. உரிமை கோராமலா இருந்தான்? நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவன் அவன். ஆகவே நகரத்தைத் துப்புரவாக்கக் கிளம்பும் நண்பர்களிடம் நம் முதல் கேள்வி: கேட்பாரற்றுக் கிடக்கிறதா, கேட்டும் தராமல் கிடக்கிறதா?

*

வண்டி நமக்கு வெறும் இரும்பு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன தாத்தாக்களின் பேரன்கள் நாம். 1991இல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் காலம். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள் ஆயிரமாயிரம் பெண்கள். வயல்வேலைக்குப் போனவர்கள், கல் குவாரியில் சல்லி உடைத்தவர்கள், முஸ்லிம் பெண்கள், நம் சேரிப் பெண்கள். சைக்கிள் வாங்க வங்கிகள் கடன் கொடுக்க வேண்டும் என்று ஆட்சியரே வற்புறுத்தினார். என் அம்மா அப்போது ஓட்டப் பழகியவர்தான். சேரி எல்லை வரை ஏறி மிதிப்பார், ஊர்த்தெருவில் இறங்கித் தள்ளுவார், தெரு முடிந்ததும் மறுபடி ஏறுவார். ஒரு நாள் இறங்கவில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன். "எறங்க மறந்துட்டேன்டா" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை.

அந்த மறதியை அவர்கள் மன்னிப்பதில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்தபோது வீட்டு வாசல்களில் நின்ற வண்டிகளை ஏன் அடித்து நொறுக்கினார்கள்? டி.வி.யை ஏன் உடைத்தார்கள்? 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியைக் கொளுத்தியவர்கள் வீடுகளோடு சேர்த்து வண்டிகளையும் ஏன் கொளுத்தினார்கள்? 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதுதான் குற்றமாம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். வண்டி என்றால் வேகம். வேகம் என்றால் ஊர்த்தெருவைத் தாண்டிப் போய்விடுதல். சேரிக்காரன் நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்று நினைக்கும் சாதிக்கு, ஓடுகிற வண்டி கண்ணில் விழுந்த தூசி. எரிந்து கிடக்கும் வண்டியோ, துருப்பிடித்து நிற்கும் வண்டியோ அதற்கு உறுத்தாது. அதனால்தான் அவை இத்தனை காலம் கிடக்கின்றன.

*

அடுத்து மனை, புதர், குடிசை.

புதுக்கோட்டை நேர்நேராக வீதி போட்ட ஊர் என்று பெருமை பேசுவார்கள். சேஷையா சாஸ்திரி திவானாக இருந்த காலத்தில் (1878–1894) ஊரைத் திருத்தி அமைத்தார்கள் என்று வரலாறு படிக்கிறோம். ராஜவீதி, அப்புறம் இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி. எத்தனையாம் வீதியில் சேரி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். சேரிக்கு எண் கிடையாது.

எண் இல்லாத இடத்துக்கு ஒரு பெயர் உண்டு. புறம்போக்கு. வருவாய்த்துறைக் கணக்கில் அது தீர்வை இல்லாத நிலம். குளம், கரை, களம், மேய்ச்சல் எல்லாம் அதில் அடங்கும். அந்தச் சொல் எப்படி வசவாக மாறியது? 'டேய் பொறம்போக்கு' என்று ஒருவன் இன்னொருவனைத் திட்டும்போது நிலத்தையா திட்டுகிறான்? அந்த நிலத்தில் வேறு வழியில்லாமல் குடிசை போட்டவனைத் திட்டுகிறான். கணக்குப் புத்தகத்திலிருந்த சொல் மனிதன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இன்று 'ஆக்கிரமிப்பு' என்று நாகரிகமாகச் சொல்கிறார்கள். வசவு அதேதான்.

நகருக்குள் வெளியூரில் இருக்கிற முதலாளிகள் வாங்கிப் போட்ட மனைகளைப் பாருங்கள். கருவேலம் மண்டி, பாம்பு குடியிருந்து, ஊர்க்குப்பை முழுக்க அங்கே கிடக்கும். அதுவும் 'அலங்கோலமான சொத்து'தான். அந்த முதலாளிக்கு அதிகபட்சம் ஒரு கடிதம் போகும். விலை ஏறட்டும் என்று அவர் காத்திருக்கிறார், நிலமும் காத்திருக்கிறது. குளக்கரையில் நாற்பது வருஷம் குடியிருக்கிறவனுக்கு ஜே.சி.பி. வரும். பட்டா உள்ள குப்பைக்குக் கடிதம். பட்டா இல்லாத வீட்டுக்கு எந்திரம்.

சென்னையில் இதைப் பெரிய அளவில் செய்து முடித்துவிட்டார்கள். 1971இல் வந்த குடிசைப் பகுதிச் சட்டம் ஒரு பகுதியை எதைக் கொண்டு குடிசைப் பகுதி என்று அறிவிக்கலாம் என்று சொல்கிறது: தாழ்வாக இருப்பது, சுகாதாரக்கேடாக இருப்பது, அசுத்தமாக, நெருக்கடியாக இருப்பது. அப்படி அறிவித்துவிட்டு அங்கேயே வசதி செய்து கொடுக்கவும் அதில் வழி இருக்கிறது. 1985க்குப் பிறகு நீண்ட காலம் புதிதாக எதையும் அறிவிக்கவேயில்லை. மாறாக, கூவம் கரையிலிருந்தும் அடையாறு கரையிலிருந்தும் மனிதர்களைப் பெயர்த்து கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஆமாம், கொட்டினார்கள். குப்பைக்குச் சொல்கிற வினைச்சொல் அங்கே பொருந்துகிறது. 2022 மே மாதம் ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்க வந்தபோது ஒரு பெரியவர் தீக்குளித்துச் செத்தார். அந்த மனிதரின் சாம்பலையும் சேர்த்துத்தான் நகரம் கூட்டிப் பெருக்கியது.

சரி, கூட்டிப் பெருக்குகிறவர்கள் யார்? அவர்களும் நாம்தான். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சிக் கட்டடத்தின் முன்னால், துப்புரவுப் பணியைத் தனியாரிடம் கொடுக்காதே என்று 13 நாள் உட்கார்ந்தவர்களை நள்ளிரவில் அள்ளிக்கொண்டு போனார்கள். ஊரின் குப்பையை அள்ளியவர்களை ஊர் அள்ளியது.

*

நம் மாவட்டத்தில் இதன் உச்சம் வேங்கைவயல். 2022 டிசம்பர் 26. குழந்தைகள் நோயில் விழுந்த பிறகு மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தால் மலம். நாற்றத்தைக் கலந்தவன் யார் என்று கேட்டோம். 2023 ஜனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. அதே சேரியைச் சேர்ந்த மூன்று தலித்துகள்தான் குற்றவாளிகளாம்! அந்த மக்கள் அதை ஏற்கவில்லை, நாமும் ஏற்கவில்லை. நீதிமன்றம் சொல்ல வேண்டியதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் பேசுவது பார்வையைப் பற்றி. சேரியில் அசுத்தம் இருந்தால் அது சேரிக்காரன் அசுத்தம்தான் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்ட கண் ஒன்று இருக்கிறது. 1927இல் மஹத் குளத்தில் அம்பேத்கரும் தோழர்களும் தண்ணீர் குடித்த பிறகு, 108 பானைகளில் பாலும் தயிரும் மாட்டுச் சாணமும் மூத்திரமும் கலந்து ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்ததே, அதே கண். அதற்குச் சாணி சுத்தம், மனிதன் அசுத்தம். நகராட்சி வளாகத்தில் உட்கார்ந்தாலும் காவல் நிலையத்தில் உட்கார்ந்தாலும் அந்தக் கண் மாறுவதில்லை.

*

இங்கே நம் தோழர்களிடமும் ஒரு வார்த்தை.

அழுக்கே கலகம், நாற்றமே எங்கள் அழகியல் என்று நாம் எழுதிய காலம் உண்டு. நானும் அப்படிக் கவிதை எழுதியிருக்கிறேன். மத்தியதர வாசகன் மூக்கைப் பொத்திக்கொண்டபோது சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஆனால் அந்த நாற்றத்துக்குள் பிள்ளை வளர்க்கிற என் அக்காவுக்கு அது கலகம் இல்லை, காய்ச்சல். மஹத்தில் பெண்களிடம் பேசும்போது அம்பேத்கர் சுத்தமாக உடுத்துங்கள், இழிவின் அடையாளங்களைத் தூக்கி எறியுங்கள் என்றுதான் சொன்னார். எனவே நான் துருவுக்கும் புதருக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை. ஊர் சுத்தமாக இருக்கட்டும். சாக்கடை ஓடட்டும், டயர் போகட்டும், புதர் போகட்டும். ஆனால் எங்கிருந்து தொடங்குவது, யார் வாசலிலிருந்து தொடங்குவது என்பதுதான் அரசியல். அரசு தன் வாசலைப் பெருக்கட்டும் முதலில்.

சொல்லிவிட்டுப் போனால் போதாது. செய்ய வழி இருக்கிறது. மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

பறிமுதல் வண்டிகளைக் காவல் நிலையங்களில் நீண்ட காலம் போட்டு வைப்பதால் எந்தப் பயனும் இல்லை, படம் எடுத்துக்கொண்டு, ஜாமீன் பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுத்துவிடுங்கள் என்று 2002இலேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு இதற்குக் கெடுவே வைத்திருக்கிறது. சொத்து முன்வைக்கப்பட்ட 14 நாளில் நீதிமன்றம் விவரப் பட்டியல் தயாரித்துப் படம் எடுக்கச் செய்ய வேண்டும். அதன் பிறகு 30 நாளில் யாரிடம் ஒப்படைப்பது, என்ன செய்வது என்று உத்தரவிட வேண்டும். 'கேஸு முடியட்டும்' என்பது சட்டம் இல்லை தோழர்களே, சோம்பல். சில நேரம் சோம்பலும் இல்லை, தண்டனை.

இதெல்லாம் என் தம்பிக்குத் தெரியாது. படித்த எனக்கும் அப்போது தெரியாது என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று சும்மா இருந்தோம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் அதற்கென்று அலுவலகம் உண்டு. ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். வசதியுள்ளவன் வண்டி ஏன் சீக்கிரம் வெளியே வருகிறது என்றால் அவனுக்கு இந்த வாசல் தெரியும், நமக்குத் தெரியாது.

இன்னொரு வேலை. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் கேள்வி போடுங்கள். எத்தனை வண்டி கிடக்கிறது, எந்தத் தேதியில் பிடித்தது, நீதிமன்றத்துக்குத் தெரிவித்தது எப்போது, உரியவருக்குக் கடிதம் போனதா? பதிலைத் துண்டறிக்கையாக அடித்துச் சேரிகளில் கொடுங்கள். தன் வண்டி எண் அதில் இருக்கிறதா என்று ஒருவன் தேடினால் அதுவே ஒரு கூட்டம்.

பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு உண்டு. இந்தப் பிரிவை வைத்துத்தான் நம் குடிசைகள்மேல் பாய்கிறார்கள். ஆனால் மத்தியப் பிரதேசத்து ரத்லம் ஊர் மக்கள் இதே பிரிவைத் தங்கள் நகராட்சி மேலேயே திருப்பினார்கள். திறந்த சாக்கடை, கழிப்பிடம் இல்லாத தெரு, நாற்றம். பணம் இல்லை என்றது நகராட்சி. அது சாக்கு ஆகாது, செய்துதான் தீர வேண்டும் என்றது 1980இல் உச்ச நீதிமன்றம். கத்தி ஒன்றுதான். பிடியை யார் பிடித்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

நான் வேலை பார்க்கும் இடத்துக்கும் ஒரு கோரிக்கை. தாட்கோ கடனில் வாங்கிய வண்டி போலீஸ் பிடியில் இருக்கிற காலத்துக்கு வட்டியும் தவணையும் நிற்க வேண்டும். இதற்கு ஓர் அரசாணை போதும். இதை வங்கி ஊழியர் சங்கக் கூட்டத்தில் எழுப்பினேன். "தனிப்பட்ட விசயத்த இங்க கொண்டு வராதீங்க சார்" என்றார்கள். சேரிக்காரன் பிரச்சினை எப்போதுமே தனிப்பட்ட விஷயம்தான். மறுபடி எழுப்புவேன்.

போன வாரம் எங்கள் தெருவுக்குச் சுத்தம் பார்க்க வந்தவர்கள், திண்ணையோரம் சாத்தியிருந்த அம்மாவின் பழைய சைக்கிளைக் காட்டி, "இந்தக் காயலாங்கடைய மொதல்ல தூக்கிப் போடுங்க" என்றார்கள். செயின் இல்லை, சீட் இல்லை, பெல் மட்டும் இருக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் பெல்லை ரெண்டு தடவை அடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

வந்தவர்கள் கொஞ்சம் ஒதுங்கி நின்றார்கள்.